அவருக்குக் கவலை ஆகாது

டிரைவரின் சட்டைப்பையைச் சோதனை போட அவர் மனைவி ஒரு நேரம் வைத்திருந்தாள். வேலையிலிருந்து வந்து அவர் குளியலறைக்குள் போக வேண்டும். தண்ணீர் விழும் சத்தம் கேட்க வேண்டும். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத் தொடங்க வேண்டும். பாட்டு ஆரம்பமாகிவிட்டால் அது முடியும்வரை மனிதர் வெளியே வரமாட்டார். அதற்குள் கொக்கியில் தொங்கும் சட்டையில் கையை விட்டுவிடுவாள்.

அன்று கிடைத்தது பாதிப் பொட்டலம் சிப்ஸ். வாயை மடித்து, கைக்குட்டைக்குள் சுருட்டி, உள்பையில் வைத்திருந்தார். கல்யாண மோதிரத்தைக்கூட அவர் இவ்வளவு பத்திரமாக வைத்துக்கொண்டது கிடையாது.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். தொட்டியின் ஓரமாக நின்றபடியே அத்தனையையும் தின்று முடித்தாள். குழாயைத் திறந்தது, மொறுமொறு சத்தம் வெளியே கேட்காமலிருக்க.

ஆசைப்பட்டுத் தின்றாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதலில் குப்பைக்கூடையில்தான் போட்டு வந்தாள்; மறுநாள் பார்த்தால் பொட்டலம் கூடையில் இருக்காது. எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்துப் பார்த்தாள். அதையெல்லாம் வாங்கித் தருவதே எதிர்வீட்டுக்காரர்தான் என்று பிறகு தெரிந்தது. தின்னக்கூடிய பொருளைச் சாக்கடையில் கொட்ட அவளுக்குக் கை வராது. ஆகக்கூடி, பத்திரமான இடம் என்று ஒன்றுதான் மிச்சம் இருந்தது: அவளுடைய வயிறு. அங்கே போனதை எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது. வேலியே பயிரை மேய்கிறதே என்று யாராவது கேட்டிருந்தால், பயிர் பிழைத்ததா இல்லையா, அதைச் சொல்லு என்று திருப்பிக் கேட்டிருப்பாள்.

ருசி? அது தெரிந்து எவ்வளவோ காலம் ஆயிற்று. உப்பும் எண்ணெயும் நாக்கில் பட்டன, போயின. வெறும் காகிதத்தை மென்றிருந்தாலும் அதே முகத்தோடுதான் மென்றிருப்பாள்.

டிரைவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, பறிகொடுத்ததற்குப் புகார் கொடுக்க முடியாத மனிதனைப் போல நின்றார்.

"இந்த வீட்ல எலி இருக்கு போலிருக்கே" என்றார் பொதுவாக.

"இருக்கும்" என்றாள் அவள்.

"பெரிய எலியா இருக்கும்னு தோணுது."

"எதுவா இருந்தா என்ன? உப்பைத் தின்னா தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்" என்று சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கிக் குடித்தாள்.

"சரிதான் இன்ஸ்பெக்டரம்மா" என்று அவர் கைலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இந்தப் பட்டம் அவர் கொடுத்ததுதான். கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது.

ஒரு வருஷத்துக்கு முன்னால் அவர் பகல் ட்ரிப்பை முடித்துக்கொண்டு நெஞ்சைத் தடவியபடியே வீட்டுக்கு வந்து, "வாயு" என்று சொல்லிப் படுத்தார். அவர் நெற்றியில் நின்ற வேர்வையைப் பார்த்தாள் அவள். வாயுவுக்கு இப்படி வேர்க்காது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் பேச்சை வளர்க்காமல் செருப்பைத் தூக்கி அவர் காலில் மாட்டி, கீழே இறக்கி, கிடைத்த வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலில்தான் கையை விட்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்றார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொந்தபந்தம் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் சொன்ன யோசனைகளை அவள்தான் கேட்டுக்கொண்டாள். டிரைவர் ஜன்னல் வழியாக, எந்த ரூட் பஸ் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் வேகமாக நடக்கணும். உப்பைக் குறைக்கணும். பொரித்தது வேண்டாம், பீடி சிகரெட் பக்கமே போகக்கூடாது, காயும் பழமும் நிறையச் சேர்க்கணும், லிஃப்டை விட்டுவிட்டு மாடிப்படி ஏறினால் நல்லது, நேரத்துக்குத் தூங்கணும், மாத்திரையை மறக்கவே கூடாது. எழுந்து வரும்போது டாக்டர் இன்னும் ஒன்று சொன்னார்: "முக்கியமா, அவருக்குக் கவலை ஆகாதும்மா. டென்ஷன் இல்லாம பார்த்துக்கோங்க."

மற்றதையெல்லாம் அவள் விதியாக வைத்துக்கொண்டாள். இந்தக் கடைசி ஒன்றை வேதமாகவே எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் கவலை என்ற பொருள் வாசலோடு நிறுத்தப்பட்டது. குளிர்பெட்டி கெட்டுப்போனால் அவர் வேலைக்குப் போயிருக்கும்போதே ஆளை வரவழைத்துச் சரிபண்ணிவிடுவாள். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கும் அவள் மாமியாருக்கும் முட்டிக்கொண்டால் அந்தச் சேதி அவளோடு நின்றுவிடும். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அழ நேரமில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அவர் முன்னால் அழக்கூடாது. அதற்கப்புறம் ஒரு நாள், யாருமில்லாத நேரத்தில், சரி இப்போது அழலாம் என்று உட்கார்ந்து பார்த்தாள். வரவில்லை. உட்கார்ந்தது வீணாகப் போகக் கூடாதே என்று வெங்காயத்தை உரித்துவிட்டு எழுந்தாள். அதற்கும் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

டிரைவருக்கு இப்போது பஸ் ஓட்ட அனுமதி இல்லை. டிப்போவில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். "என்னண்ணே, இன்ஜின் எப்படி ஓடுது?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்பான். "ஓனர் கண்டிஷன்ல வச்சிருக்காங்கப்பா" என்பார் அவர்.

பொய்யில்லை. காலையில் அவரைப் பூங்காவுக்கு ஓட்டிக்கொண்டு போவாள். உள்ளே அவர் வட்டம் சுற்றுவார். இவள் வாசலில் நின்றுகொண்டிருப்பாள். எதிரே டீக்கடை இருந்தது. அவர் நழுவிவிடாமல் இருக்கக் காவல். சேர்ந்து நடந்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியதில்லை. வாசலை யார் பார்ப்பது? சமையல் இரண்டாக நடந்தது. அவருக்கு உப்பில்லாத சட்டி தனி. நன்றாக இருக்கிறவள் எதற்கு நாக்கைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு உப்புப் போட்ட பழைய சட்டி. அவர் தூங்கிய பிறகு அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். மூச்சு ஒழுங்காக வந்தால், எங்கே நின்றுவிடுமோ என்று விழித்திருப்பாள். கொஞ்சம் தடுமாறினால் கேட்கவே வேண்டாம்.

வீடு நாலாவது மாடி. லிஃப்ட் இருந்தும் படிதான். அவர் முன்னால், அவள் பின்னால். தவறி விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டாமா? கொஞ்ச நாளாக, இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவளுக்குத் தாடையில் ஒரு வலி பிடிக்கும். பல்வலி மாதிரி, ஆனால் பல் எதுவும் வலிக்காது. அங்கிருந்து இறங்கி முதுகில் நடுவாக அழுத்தும். யாரோ முட்டுக் கொடுத்து நிற்பது போல. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, சத்தம் வராமல் ஏறுவாள். மேலே போய் நின்றதும் போய்விடும். முன்னால் போகிறவருக்குப் பின்னால் வருகிறவளின் முகம் எங்கே தெரியப் போகிறது!

பயந்தாளா என்றால் அதுவும் இல்லை. தாடை வலிக்கிறது என்பது, பக்கத்து வீட்டுக் கதவு கிரீச்சிடுகிறது என்பது போல ஒரு செய்தி. கேட்டுக்கொண்டாள். சொன்னால் அவருக்குக் கவலை. அவருக்குக் கவலை ஆகாது. கணக்கு அதோடு முடிந்தது.

*

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில். வெளுத்த படுக்கை விரிப்புகள் சூடான உருளைக்குள் நுழைந்து அப்பளம் மாதிரி மொடமொடவென்று வெளியே வரும். அதை இரண்டு பேர் எதிரெதிரே நின்று பிடிக்க வேண்டும். இந்தப் பக்கம் இரண்டு முனை, அந்தப் பக்கம் இரண்டு முனை. ஒரு உதறு, பாதியாக மடிப்பு, பிறகு இருவரும் நடந்து வந்து நடுவில் சந்தித்து, ஒருத்தி கையிலிருந்ததை மற்றவள் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து கீழ் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். மறுபடி சந்திப்பு. நாள் முழுக்க இந்த நடைதான். ஜோடி சரியாக அமைந்தால் பார்க்கிறவர்களுக்கு நடனம் மாதிரி இருக்கும். அமையாவிட்டால் சண்டை மாதிரி இருக்கும்.

அவளுடைய ஜோடி ஒரு சின்னப் பெண். கூடத்தில் அவளுக்குப் பெயர் வாயாடி. உருளையின் இரைச்சலையும் மீறிப் பேசக்கூடியவள்.

"அக்கா, நீங்க நடுவுக்கு வந்து சேர்றதுக்குள்ள நான் ஒரு குட்டித் தூக்கம் போட்டுடுவேன் போலிருக்கே."

"தூங்கு. யார் வேணாம்னா?"

"விளையாட்டுக்குச் சொல்லலக்கா. முன்னாடியெல்லாம் நீங்கதான் எனக்காக நடுவுல வந்து காத்துக்கிட்டு நிப்பீங்க. இப்போ நான் நிக்கிறேன். குனிஞ்சா நிமிர மாட்டேங்கிறீங்க. முகத்தைப் பாருங்க, நாம வெளுத்த துணியைவிட வெளுப்பா இருக்கு."

"வாயுடி."

வாயாடி விரிப்பின் முனையை விடாமல் அப்படியே நின்றாள். "அண்ணனும் முதல்ல அதைத்தானே சொன்னாரு? நீங்கதானே இங்க வந்து கதை கதையா சொன்னீங்க, 'வாயுவாம் வாயு, நான் விட்டேனா'ன்னு?"

"அவருக்கு இதயத்துல கோளாறு. எனக்கு வயசுக் கோளாறு. அடுத்த துணி வருது பாரு, பிடி."

"அண்ணன்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்லி? அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ வந்து பார்ப்பியா?"

அடுத்த விரிப்பிலிருந்து, நடுவில் நின்று காத்திராமல், முக்கால் தூரமும் வாயாடியே நடந்துவந்து முனையை வாங்கிக்கொண்டாள். டிரைவரின் மனைவி அதைக் கவனித்தாள். நன்றி சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. வாயைத் திறக்கிற அளவுக்கு உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"அம்மா, அப்பா நடந்தாரா?"

"நடந்தாரு."

"மாத்திரை?"

"போட்டாச்சு."

"கண்டதையும் தின்னாம பார்த்துக்கிறியா? நீதான் கவனமா இருக்கணும்மா. நான் இங்க உட்கார்ந்துகிட்டு என்ன பண்ண முடியும், உன்னை நம்பித்தான் நிம்மதியா இருக்கேன்."

"இரு, இரு. நிம்மதியா இரு."

"சரி வைக்கிறேன்மா, குக்கர் கூப்பிடுது."

இதில் மகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழைக்கு ஒழுகாத கூரையை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

*

இரத்த அழுத்தம் பார்க்கும் மிஷின் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் டிரைவர் கையை நீட்டுவார். அவள் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்குவாள். அது உறுமி, இறுக்கி, மூச்சு விட்டு, எண்ணைக் காட்டும். அந்த வாரம் எண் அவ்வளவு அழகாக இருந்தது. டிரைவர் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

"பார்த்தியா? புது வண்டிகூட இப்படி ஓடாது! இதுக்கு ஒரு சிப்ஸ் குடுக்கலாம்ல?"

"இல்லை."

"ஒரே ஒரு..."

"இல்லை."

"எப்பப் பார்த்தாலும் என்னையே செக் பண்றியே, இன்னிக்கு இன்ஸ்பெக்டரை நான் செக் பண்றேன். கையைக் கொண்டா."

"எனக்கு எதுக்குங்க? அடுப்புல வேலை கிடக்கு."

"அட, கொண்டான்னா!"

கொடுத்தாள். கொடுக்காமல் முரண்டு பிடித்தால் ஏன் என்று கேட்பார்; கேள்வி வந்தால் கவலை வரும். மிஷின் உறுமியது. இறுக்கியது. வழக்கத்தைவிட அதிகமாக இறுக்கியது. மூச்சு விட்டபோது டிரைவர் சிரித்துக்கொண்டுதான் குனிந்து பார்த்தார்.

மேல் எண் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போன நாளில்கூட அந்த எண்ணை அவர்கள் பார்த்ததில்லை.

"என்ன இது?" என்று மிஷினைத் தட்டினார். மறுபடி போட்டார். இன்னும் கொஞ்சம் ஏறியது. தன் கையில் சுற்றிப் போட்டார்; அதே பழைய அழகான எண். அவள் கையில் போட்டார், மறுபடி நூற்றுத் தொண்ணூறுக்கு மேல்.

இந்த இடத்தில் வேறு எந்த மனிதராக இருந்தாலும் ஒரு முடிவுக்கு வந்திருப்பார். இவரோ டிரைவர். ஸ்டியரிங் பிடித்தே தலை நரைத்தவர். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

"புரிஞ்சுபோச்சு! ஒரே டிரைவர் கையில ஓடின வண்டி இருக்கு பாரு, அதுல வேற ஆள் ஏறி உட்கார்ந்தா முரண்டு பிடிக்கும். கியர் விழாது, பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். இந்த மிஷின் ஒரு வருஷமா என் கைக்கே பழகிடுச்சு. உன் கையைப் பார்த்ததும் மிரளுது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை இல்லை. நிறம் நன்றாகவே இருந்தது. நிஜமாகவே நம்பினார்.

"அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

"பின்னே? உனக்கு எங்கேருந்து பிரஷர் வரும்? நீ இரும்பாச்சே!"

"அதான்."

"நாளைக்குச் சாயங்காலம் மருந்துக்கடைக்குக் கொண்டுபோய்க் காட்டிடுவோம். கேரண்டி இருக்கும்."

அவளுக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்தது. ஒரு வருஷமாக அந்த மிஷினோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு, அது ஆளைப் பார்த்து மிரளும் சாதி இல்லை என்று தெரியாதா? தெரிந்ததை எடுத்துப் பார்த்தாள். அது கனக்கவில்லை, சுடவில்லை. அடுப்பில் இரண்டு சட்டிகள் கொதித்தன. போய் இறக்கினாள்.

*

மருந்துக்கடை தெருமுனையில். டிரைவரின் மாத்திரைகள் எல்லாம் அங்கேதான் என்பதால் கடைக்காரர் நல்ல பழக்கம். டிரைவர் மிஷினை மேஜைமேல் வைத்து, தன் கண்டுபிடிப்பை விலாவாரியாகச் சொன்னார். வண்டி, கியர், பிரேக் எல்லாம் வந்தது. கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

"அப்போ முதல்ல என் கையில போடுவோம். என்னைப் பார்த்து மிரளுதான்னு பார்க்கலாம்."

போட்டார்கள். மிரளவில்லை. கடைக்காரருக்கு எப்போதும் வருகிற எண்தான் வந்தது.

"அம்மா, நீங்க கையைக் குடுங்க."

எண் வந்தது. கடைக்காரர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் உள்ளேயிருந்து கடைக்குச் சொந்தமான வேறொரு மிஷினை எடுத்து வந்தார். அவளை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்லி, பிறகு பட்டையைச் சுற்றினார்.

அதுவும் அதையே சொன்னது.

"மிஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லண்ணே" என்றார் கடைக்காரர்.

டிரைவர் அந்தப் புது மிஷினைப் பார்த்தார், பழையதைப் பார்த்தார். "அதெப்படி? இவளுக்கா?" என்றார். கேள்வி யாருக்கு என்று தெரியவில்லை.

"அம்மா, உங்களுக்கு உடம்புல ஏதாவது பண்ணுதா? தலைசுத்தல், மூச்சுவாங்கல், வலி எதாவது?"

அவள் வாயைத் திறந்தாள். "ஒண்ணும்..." என்று வந்துவிட்டது. மீதி வரவில்லை. பக்கத்தில் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். கடைக்காரர் காத்துக்கொண்டிருந்தார். 'இல்லை' என்று முடித்துவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அவர் முன்னால், அவள் பின்னால். இரண்டாவது மாடித் திருப்பம். இன்று இல்லாவிட்டால் நாளை, அந்தத் திருப்பத்திலேயே அவள் விழுவாள். விழுகிற சத்தம் கேட்டு அவர் திரும்பிப் பார்ப்பார். அந்தக் கவலையை எந்த வாசலில் நிறுத்துவது?

ஒரு வருஷத்தில் முதல் முறையாக அவள் கணக்கு இடித்தது.

எழுந்து நின்று, டிரைவரின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆறுதலுக்காக அல்ல, நாடி பார்க்க. கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து, துடிப்பு அகப்பட்டதும், அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேச ஆரம்பித்தாள்.

"நீங்க பதறக்கூடாது. படி ஏறினா தாடை வலிக்குது."

நாடி ஒரு குதி குதித்தது. காத்திருந்தாள். அடங்கியது.

"முதுகுல பிடிக்குது. வேலை செய்றப்பவும் வருது. நின்னா போயிடுது."

"எப்போலேருந்து?"

"உட்காருங்க, சொல்றேன்."

"நான் உட்காரமாட்டேன். எப்போலேருந்துடி?"

"கொஞ்ச மாசமா."

விரலுக்கடியில் துடிப்பு ஓடியது. தடதடவென்று, ஆனால் தாளம் தப்பாமல். அவர் நிறம் மாறவில்லை. வேர்க்கவில்லை. அவள் வேறு யாரோ ஒருத்தியின் சமாச்சாரத்தை ஒப்பிப்பது போல ஒப்பித்தாள்: தூக்கம் இல்லை, ருசி இல்லை, குனிந்தால் மூச்சு வாங்குகிறது. சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை வரும் என்று கடைக்காரர் ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து வைத்தார். அது வைத்த இடத்திலேயே இருந்தது.

"அண்ணே, வீட்டுக்குப் போக வேண்டாம். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே" என்றார் கடைக்காரர்.

டிரைவர் அவள் கையை உதறினார். உதறிவிட்டு, அதே கையைத் தான் பிடித்துக்கொண்டார். தெருவில் இறங்கி, வந்த வண்டியின் முன்னால் போய்க் குறுக்கே நின்று நிறுத்தினார். வண்டிக்காரன் திட்டினான். அவருக்குக் காதில் விழவில்லை.

*

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். நெஞ்சில் கம்பிகளை ஒட்டிப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், நாக்குக்கடியில் ஒரு மாத்திரையை வைத்தார்கள். டாக்டர் கேள்வி கேட்டார். டிரைவர் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

"நல்லாத் தூங்குவாங்களா?"

"படுத்தா தூங்கிடுவா டாக்டர்."

"இல்லை" என்றாள் அவள்.

"நடக்குறது உண்டா?"

"தினமும் என்கூட பூங்காவுக்கு வர்றா!"

"வாசல்ல நிப்பேன்" என்றாள் அவள்.

டாக்டர் டிரைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "நீங்களே சொல்லுங்கம்மா. உப்பு, சிப்ஸ், பொரிச்சது இதெல்லாம் சாப்பிடுறதுண்டா?"

"இவருக்கு இதயத்துல கோளாறு வந்ததிலேருந்து உப்பில்லாத சட்டி தனி டாக்டர். எங்க வீட்ல அதெல்லாம் வாங்குறதே இல்லை" என்றவள், கொஞ்சம் நிறுத்தி, "இவர் பையிலேருந்து எடுக்குறதை மட்டும் சாப்பிடுவேன்" என்றாள்.

"எதுக்கு?"

"இவர் சாப்பிட்டுடக் கூடாதேன்னு."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது. டிரைவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பொட்டலமாக அவருக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்தது போலும். வாய் லேசாகத் திறந்தபடி இருந்தது.

இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று நன்றாகவே சுருங்கியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். இன்னும் அடைத்துக்கொள்ளவில்லை, நல்ல வேளையாக வந்தீர்கள். இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும். நாளைக்கு உள்ளே பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் குழாயை விரித்துவிடலாம். அப்புறம் மாத்திரை, நடை, சாப்பாடு. "ஐயாவுக்கு என்னென்ன சொன்னாங்களோ அது மொத்தமும் உங்களுக்கும்தான். இனிமே வீட்ல ஒரே சட்டி வைங்க. பொம்பளைங்களுக்கு எல்லா நேரமும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வராதும்மா. தாடை, முதுகு, அசதி, இப்படித்தான் பல பேருக்கு வருது. அதனாலதான் யாரும் கண்டுக்கிறதில்லை."

"சரிங்க" என்றாள் அவள்.

"பயமா இருக்கா?"

யோசித்துப் பார்த்தாள். "தெரியலைங்க" என்றாள். அது உண்மை.

டாக்டர் போன பிறகு அந்தத் தடுப்புக்குள் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். தலைமாட்டில் ஒரு பெட்டி பச்சைக் கோடு போட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்குக் கவலை ஆகாதுன்னு சொன்னாங்க."

"யாரு?"

"அந்த டாக்டர். நீங்க பஸ்ஸைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

அவர் குனிந்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. டிப்போ முழுக்கக் கேட்கக் கத்தியே பழகிய தொண்டை. அழுகையும் அப்படியே வந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ பேச்சை நிறுத்தினார்கள்.

அவள் எழுந்து போய் நிறுத்தத்தான் பார்த்தாள். பழக்கம் விடுமா? ஆனால் நெஞ்சில் கம்பிகள் ஒட்டியிருந்தன. கையில் ஊசி இருந்தது. அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். "போதுங்க" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விரல் இடுக்கில் வழிந்து, முழங்கை வரை ஓடி, கால்சட்டையில் சொட்டியது. ஒரு வருஷமாக அவள் கட்டிக் காத்ததெல்லாம் இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான். இதோ நடந்துகொண்டிருந்தது.

வெகு நேரம் அழுதார். பிறகு விக்கல் எடுத்தது. பிறகு அதுவும் நின்றது. சட்டையின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, நிமிர்ந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. உதடு வீங்கியிருந்தது. மூச்சு சீராக வந்தது.

"குடிக்கத் தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவரை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

கண்ணை மூடிக்கொண்டாள். அவர் மூச்சைக் கேட்காமலே தூங்கிப்போனாள்.